பிராஞ்ச் மாறாமல், மெர்ஜ் செய்யாமல் ஒரே ஒரு ஃபைலை எடுப்பது: கிட் பழகும் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

உதாரணத்துக்கு ஒரு திட்டம் வைத்துக்கொள்வோம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் புழங்கும் மீன் பெயர்களையும் காற்றின் பெயர்களையும் தடைக்கால விவரங்களையும் திரட்டி, கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு சின்ன இணையதளம் கட்டுகிறார்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் வேலை இரண்டு பிராஞ்சாக, அதாவது இரண்டு தனிக் கிளையாக, பிரிந்திருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை என்று பாக் விரிகுடாப் பக்கம் திரட்டுபவர்கள் ‘வடகடல்’ என்ற பிராஞ்சில் எழுதுகிறார்கள். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் போகிறவர்களுக்குத் ‘தென்கடல்’ பிராஞ்ச். மண்டபத்திலும் பாம்பனிலும் மக்கள் சொல்லும் பெயர்களே அவை.

நீங்கள் தென்கடல் பிராஞ்சில் இருக்கிறீர்கள். வடகடல்காரர்கள் மீன் பெயர்ப் பட்டியலைப் பெரியவர்களிடம் காட்டிச் சரிபார்த்து முடித்துவிட்டார்கள். அந்தப் பட்டியல் உங்களுக்கு இன்றைக்கே வேண்டும். ஆனால் அதே பிராஞ்சில் ஒரு வரைபடப் பக்கமும் பாதி வேலையில் கிடக்கிறது, திறந்தாலே பிழை காட்டுகிறது. மெர்ஜ் செய்தால், அதாவது அந்தப் பிராஞ்சை முழுதாக உங்களுடையதோடு இணைத்தால், அந்த அரைகுறை வரைபடமும் உங்கள் பக்கம் வந்து சேரும். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபைல்.

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் பிராஞ்ச் மாறி, ஃபைலைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து, திரும்பி வந்து ஒட்டுகிறார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் எழுத்துக் குறியாக்கமும் வரி முடிவுகளும் மாறிப்போக வாய்ப்பு அதிகம். கிட்டிலேயே இதற்குக் கட்டளை இருக்கிறது. அதை ஒழுங்காகப் பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்வது.

ஒரு குறிப்பு. கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது கட்டளைச் சொற்களையும் ‘ஆரிஜின்’ (சர்வரில் உள்ள பொதுப் பிரதியின் பெயர்) போன்றவற்றையும் ஃபைல் பெயரின் பின்னொட்டையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ‘ஹெட்’ என்பது உங்கள் பிராஞ்சின் கடைசிக் கமிட், அதாவது கிட்டில் கடைசியாகப் பதிந்த நிலை. அது வரும் இடத்தில் நான்கு எழுத்தும் பெரிய எழுத்து. பிராஞ்ச் பெயர், ஃபோல்டர் பெயர், ஃபைல் பெயர் மூன்றும் இந்தத் திட்டத்தில் தமிழிலேயே இருக்கின்றன. கிட் அவற்றை அப்படியே ஏற்கும்.

சிக்னல் இருக்கும்போதே இழுத்து வையுங்கள்

கிட் ஃபெட்ச் ஆரிஜின்

இந்த வேலையில் இணையம் தேவைப்படுவது இந்த ஒரு படிக்குத்தான். கீழே வரும் மற்றதெல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடிக்கிறது. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் டேட்டா வரும், போகும். அதனால் பஸ் ஏறுவதற்கு முன்பே ஃபெட்ச் செய்துவிடுங்கள். ஃபெட்ச் உங்கள் ஃபைல் எதையும் தொடாது. மற்றவர்கள் அனுப்பியதைக் கொண்டுவந்து ‘ஆரிஜின்/வடகடல்’ என்ற பெயரில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ‘கிட் பிராஞ்ச் --ஆல்’ என்று தட்டினால் என்னென்ன பிராஞ்சுகள் வந்திருக்கின்றன என்று தெரியும்.

டேட்டாவை மிச்சப்படுத்த ‘--டெப்த் 1’ சேர்த்து குளோன் செய்தவர்களுக்கு (திட்டத்தைச் சர்வரிலிருந்து முதன்முதலில் இறக்கியவர்களுக்கு) அந்தப் பட்டியலில் வடகடல் தெரியாது. அப்படிச் செய்த குளோன் ஒரே ஒரு பிராஞ்சை மட்டும்தான் கவனிக்கும். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்:

கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ் --ஆட் ஆரிஜின் வடகடல்

பிறகு ஒரு முறை ஃபெட்ச் செய்தால் வந்துவிடும்.

அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஃபைலின் பெயரும் இருப்பிடமும் துல்லியமாகத் தெரியாமல் எடுக்க முடியாது. ரெப்போவின் (கிட் கவனிக்கும் திட்ட ஃபோல்டரின்) மேல் ஃபோல்டரில் நின்றுகொண்டு:

கிட் எல்எஸ்-ட்ரீ -ஆர் --நேம்-ஒன்லி ஆரிஜின்/வடகடல்

பிராஞ்ச் மாறாமலே அதில் உள்ள எல்லா ஃபைல் பெயர்களும் வரிசையாக வரும். ஆனால் தமிழ்ப் பெயர்கள் தமிழாகத் தெரியாமல், சாய்கோடு 340, சாய்கோடு 256 என்று எண்களாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஆஸ்கி அல்லாத பைட்டுகளைக் கிட் எண்ணாக்கிக் காட்டும் இயல்பு அது. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு முறை இதைத் தட்டினால் போதும்:

கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்

தமிழில் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ‘கொண்டல்’ என்று ஒரு காற்றுக் குறிப்பு ஃபைல் இருக்கிறது என்று வைப்போம். ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிட்டுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். இரண்டு பேர் இரண்டு விதமான விசைப்பலகை வைத்திருந்தால் இது வரக்கூடும். அதனால் நீளமான தமிழ்ப் பெயரைக் கையால் தட்டாதீர்கள். மேலே வந்த பட்டியலிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள்.

எடுப்பதற்கு முன் ஒப்பிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு பிராஞ்சிலிருந்து ஃபைலை எடுக்கும்போது கிட் இரண்டையும் கலக்காது. உங்கள் ஃபைல் போய்விடும், அவர்களுடையது அந்த இடத்தில் வந்து உட்காரும். கீழக்கரையில் நீங்கள் கேட்டுச் சேர்த்த பத்துப் பெயர்கள் அவர்கள் ஃபைலில் இல்லையென்றால், அந்தப் பத்தும் உங்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

கிட் டிஃப் ஹெட் ஆரிஜின்/வடகடல் -- தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி

கூட்டல் குறியோடு வரும் வரிகள் அவர்களிடம் இருப்பவை. கழித்தல் குறியோடு வருபவை உங்களிடம் மட்டும் இருப்பவை, எடுத்தால் நீங்கள் இழக்கப்போகிறவை. நடுவில் இடம் விட்டுப் போட்ட இரண்டு கோடுகள், அதற்குப் பின்னால் வருவது ஃபைல் பெயர் என்று கிட்டுக்குச் சொல்கின்றன. வடகடல் என்ற பெயரில் ஒரு பிராஞ்சும் ஒரு ஃபோல்டரும் இருந்தால் அது இல்லாமல் குழப்பம் வரும். எப்போதும் போடுங்கள்.

சில நேரம் எல்லா வரியும் மாறியதாகக் காட்டும், உற்றுப் பார்த்தால் எழுத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஒருவர் விண்டோஸிலும் மற்றவர் லினக்ஸிலும் சேமித்ததால் வரி முடிவுக் குறி வேறுபட்டிருக்கும். ‘கிட் டிஃப்’ என்பதற்குப் பின்னால் ‘--இக்னோர்-சிஆர்-அட்-ஈஓஎல்’ சேர்த்தால் உண்மையான மாற்றம் மட்டும் தெரியும்.

முழு ஃபைலையும் படிக்க வேண்டுமென்றால்:

கிட் ஷோ ஆரிஜின்/வடகடல்:தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி

பிராஞ்ச் பெயருக்கும் ஃபைலுக்கும் நடுவே முக்காற்புள்ளி. இடைவெளி விடக் கூடாது. பாதையை ரெப்போவின் மேல் ஃபோல்டரிலிருந்து முழுமையாக எழுத வேண்டும்.

இப்போது எடுங்கள்

முதலில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். மீன்பெயர் ஃபைலில் கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் அதைக் கமிட் செய்யுங்கள், அல்லது ஸ்டாஷில், அதாவது கிட்டின் தற்காலிகச் சேமிப்பில், எடுத்து வையுங்கள்:

கிட் ஸ்டாஷ் புஷ் -- தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி

ஏனென்றால் அடுத்த கட்டளை “நிச்சயமா?” என்று கேட்காது. கமிட்டோ ஸ்டாஷோ ஆகாத எழுத்தின் மேல் அது எழுதிவிட்டால் கிட்டிடம் திரும்பக் கேட்டுப் பயனில்லை. கிட் பதிந்து வைத்திருந்தால்தானே கொடுக்கும்.

கிட் ரெஸ்டோர் --சோர்ஸ்=ஆரிஜின்/வடகடல் -- தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி

முடிந்தது. நீங்கள் இன்னும் தென்கடல் பிராஞ்சில்தான் இருக்கிறீர்கள். பாதி வேலையில் இருந்த வரைபடப் பக்கம் வரவில்லை.

கட்டளை பிழை காட்டினால் இரண்டில் ஒன்று. ‘குட் நாட் ரிசால்வ்’ என்று சொன்னால் பிராஞ்ச் பெயர் தவறு, அல்லது ஃபெட்ச் செய்யவில்லை. ‘பாத்ஸ்பெக்’ என்ற சொல் வந்தால் ஃபைலின் பாதை தவறு. மேலே சொன்ன ஒகரக் குறிச் சிக்கலையும் அங்கே சந்தேகப்படுங்கள்.

ரெஸ்டோர் கட்டளை 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பில் சேர்ந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியது 2005இல். ஆக, நடுவே இருந்த காலமெல்லாம் எல்லோரும் செக்அவுட் கட்டளையைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். உங்கள் சீனியர்கள் இன்றும் அதைத்தான் சொல்லித்தருவார்கள்:

கிட் செக்அவுட் ஆரிஜின்/வடகடல் -- தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி

இதுவும் சரிதான், ஆனால் இரண்டு வேறுபாடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். செக்அவுட் ஃபைலைக் கொண்டுவருவதோடு அதை ஸ்டேஜும் செய்துவிடும், அதாவது அடுத்த கமிட்டுக்குத் தயாராக எடுத்து வைத்துவிடும். அதனால் வெறும் ‘கிட் டிஃப்’ ஒன்றுமே காட்டாது, ‘கிட் டிஃப் --ஸ்டேஜ்டு’ என்று கேட்க வேண்டும். ரெஸ்டோர் ஃபைலை மட்டும் மாற்றும், ஸ்டேஜ் செய்யாது. இரண்டும் வேண்டுமென்றால் ‘--ஸ்டேஜ்டு --ஒர்க்ட்ரீ’ என்று இரண்டையும் அதில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு ஃபோல்டரை எடுக்கும்போது வெளிப்படும், அது இன்னும் முக்கியம். ‘தரவு’ என்ற முழு ஃபோல்டரையும் வடகடலிலிருந்து எடுக்கிறீர்கள். உங்களிடம் ‘தரவு/முத்துச்சிப்பி.சிஎஸ்வி’ என்று கமிட் ஆன ஒரு ஃபைல் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. செக்அவுட் அதைத் தொடாமல் விட்டுவிடும். ரெஸ்டோர் அதை அழித்துவிடும், ஏனென்றால் ஃபோல்டரை அங்கே இருப்பதுபோலவே ஆக்குவது அதன் இயல்பு. அழிக்க வேண்டாம் என்றால் ரெஸ்டோரில் ‘--ஓவர்லே’ சேர்க்க வேண்டும். ஒரு ஃபைலுக்கு ரெஸ்டோரும், ஃபோல்டருக்கு ஓவர்லே சேர்த்த ரெஸ்டோரும் என்று கையைப் பழக்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

சில வரிகள் மட்டும் வேண்டுமென்றால்

நம் மீன் பட்டியலுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தென்மாவட்டங்கள் சிலவற்றில் நெய்மீன் என்கிறார்கள். ஒரே மாவட்டத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். வடகடல்காரர்கள் காரல், நகரை, கணவாய் வரிகளைத் திருத்தியிருக்கிறார்கள், அவை வேண்டும். பாறை மீன் வரிகளில் ஏர்வாடிப் பெயரை எடுத்துவிட்டுத் தொண்டிப் பெயரைப் போட்டிருக்கிறார்கள், அது வேண்டாம்.

கிட் ரெஸ்டோர் -பி --சோர்ஸ்=ஆரிஜின்/வடகடல் -- தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி

கிட் ஒவ்வொரு மாற்றத் துண்டாகக் காட்டிக் கேட்கும். வேண்டுமென்றால் ஒய், வேண்டாமென்றால் என், நிறுத்த க்யூ. துண்டு பெரிதாக இருந்தால் எஸ் தட்டினால் பிரித்துத் தரும். ஆனால் நடுவே மாறாத வரி ஒன்றாவது இருந்தால்தான் பிரிக்க முடியும். காரலும் பாறையும் அடுத்தடுத்த வரிகளாக இருந்து இரண்டுமே மாறியிருந்தால் பிரியாது. அப்போது ஈ தட்டினால் எடிட்டரில் அந்தத் துண்டு திறக்கும். வேண்டாத கூட்டல் வரியை நீக்கிவிடுங்கள். கழித்தல் வரியைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தக் குறியை அழித்து அங்கே ஓர் இடைவெளி போடுங்கள். முதலில் கை தடுமாறும். கேள்விக்குறி தட்டினால் எல்லா விடைகளுக்கும் விளக்கம் வரும்.

உங்கள் ஃபைலைத் தொடாமல் பக்கத்தில் வைக்க

இரண்டு பட்டியலையும் அருகருகே திறந்து வைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் படித்துக்காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்றால், அவர்கள் ஃபைலை வேறு பெயரில் இறக்கலாம்:

கிட் ஷோ ஆரிஜின்/வடகடல்:தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி > மீன்பெயர்-வடகடல்.சிஎஸ்வி

விண்டோஸில் இதைக் கிட் பேஷில் தட்டுங்கள், பழைய பவர்ஷெல்லில் தட்டாதீர்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 அந்த அம்புக்குறி வழியாகப் போவதை யுடிஎஃப்-16 ஆக மாற்றி எழுதும். போகும் வழியில் தமிழ் எழுத்துகளே உடையவும் கூடும். படங்களை இப்படி எடுத்தால் திறக்கவே திறக்காது. ரெஸ்டோருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்

இப்படி எடுத்த ஃபைலைக் கமிட் செய்யும்போது, அது எந்தப் பிராஞ்சிலிருந்து வந்தது என்பதைக் கிட் பதிவதில்லை. அதன் கண்ணுக்கு நீங்களே தட்டிய மாற்றம்தான் அது. ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டும் பிளேம் கட்டளை போட்டுப் பார்த்தால் அந்த வரிகளுக்கெல்லாம் உங்கள் பெயர் வரும். வெயிலில் தேவிபட்டினம் கரையில் நின்று, வலை உலர்த்துகிறவர்களிடமும் மீன் விற்கும் பெண்களிடமும் கேட்டு எழுதியவர் வேறு ஒருவர். அவர் உழைப்பு உங்கள் பெயரில் போகக் கூடாது. நாளைக்கு ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரிய வேண்டும்.

கிட் லாக் -1 --ஒன்லைன் ஆரிஜின்/வடகடல் -- தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி

அந்தப் பிராஞ்சில் இந்த ஃபைலைக் கடைசியாகத் தொட்ட கமிட்டின் எண் வரும். அதைக் கமிட் செய்தியில் எழுதுங்கள்: “மீன்பெயர்: காரல், நகரை வரிகள் வடகடல் பிராஞ்சின் 4071936 கமிட்டிலிருந்து எடுத்தவை.” செய்தியின் கடைசியில் ஒரு வெற்று வரி விட்டு ‘கோ-ஆதர்டு-பை’ என்று தொடங்கி அவர் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்தால், கிட்ஹப் அவரையும் அந்தக் கமிட்டின் ஆசிரியராகக் காட்டும்.

அந்தக் கமிட் இந்த ஒரு ஃபைலை மட்டும் தொட்டிருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு:

கிட் செர்ரி-பிக் -எக்ஸ் 4071936

கமிட்டையே அப்படியே கொண்டுவரும். எழுதியவர் பெயர் மாறாது, மூலக் கமிட்டின் எண்ணும் செய்தியில் தானாகச் சேரும். முழு ஃபைலும் மாறாமல் அந்த மாற்றம் மட்டும் வருவதால் உங்கள் பெயர்களும் தங்கும். ஆனால் ஒரே கமிட்டில் மீன் பெயரையும் வரைபடத்தையும் சேர்த்துத் திருத்தியிருந்தால் செர்ரி-பிக் இரண்டையும் இழுத்து வரும், அப்போது ரெஸ்டோர்தான் வழி. சின்னச் சின்னக் கமிட்டாகப் போடுங்கள் என்று பழகியவர்கள் சொல்வதன் பயன் இங்கே கிடைக்கிறது.

பிற்பாடு மெர்ஜ் செய்யும் நாளில்

வரைபட வேலை முடிந்து, வடகடலை முழுதாக மெர்ஜ் செய்யும் நாள் வரும். எடுத்த ஃபைல் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தால் பிரச்சினை வராது. நீங்கள் எடுத்த பிறகு அவர்கள் அதே வரிகளை மறுபடி திருத்தியிருந்தால் மோதல் வரும். உங்கள் வரியும் அவர்கள் வரியும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று கிட்டுக்குத் தெரியாது. பழைய பொது வரியை இரண்டு பேரும் இரண்டு விதமாக மாற்றியதாகவே அது காணும். பிரிவதற்கு முன் அந்த ஃபைலே இல்லாமல், நீங்கள் புதிதாக எடுத்ததாக இருந்தால், இருவரும் ஒரே பெயரில் தனித்தனியாகச் சேர்த்ததாகக் கருதி, வேறுபடும் இடத்தில் மோதல் காட்டும். கமிட் செய்தியில் மூலத்தை எழுதியிருந்தால், “இந்த வரி அவர்களுடையதே, புதியதை ஏற்கலாம்” என்று உடனே முடிவு செய்துவிடலாம்.

எடுத்த ஃபைலில் தொடர்ந்து நீங்களும் திருத்தப் போகிறீர்கள் என்றால், அதை வடகடல்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தடைக்கால அட்டவணை போன்றவற்றுக்கு இந்தக் கவலை குறைவு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது ஒரு முறை சரியாக எழுதிவிட்டால் அடிக்கடி மாறாது. மீன் பெயர்ப் பட்டியல் அப்படியல்ல, இருபக்கமும் வாரந்தோறும் வளரும். அதை அடிக்கடி தனியாக எடுக்க வேண்டி வந்தால், பட்டியலுக்கு மட்டும் தனிப் பிராஞ்ச் ஒன்று வைத்து இருவரும் அதை மெர்ஜ் செய்துகொள்வதே முறை.

தவறாக எடுத்துவிட்டால்

கமிட் செய்வதற்கு முன் தெரிந்தால்:

கிட் ரெஸ்டோர் --ஸ்டேஜ்டு --ஒர்க்ட்ரீ -- தரவு/மீன்பெயர்.சிஎஸ்வி

சோர்ஸ் சொல்லாததால் உங்கள் கடைசிக் கமிட்டில் இருந்த நிலைக்குத் திரும்பும். ஸ்டாஷில் எடுத்து வைத்தது இருந்தால் அதற்குப் பிறகு ‘கிட் ஸ்டாஷ் பாப்’. கமிட் செய்த பிறகு தெரிந்தால், அதே ரெஸ்டோரில் ‘--சோர்ஸ்=ஹெட்~1’ என்று போட்டு முந்தைய நிலையை எடுத்து, காரணம் எழுதிப் புதிதாக ஒரு கமிட் போடுங்கள். ஏற்கெனவே புஷ் செய்து சர்வருக்கு அனுப்பிவிட்டிருந்தால் கட்டாயம் இந்த வழிதான். மற்றவர்கள் இழுத்துக்கொண்ட கமிட்டை அழித்து எழுதப் போகாதீர்கள்.

இதே முறையில் சோர்ஸ் இருக்கும் இடத்தில் பிராஞ்சுக்குப் பதில் டேகின் (ஒரு கமிட்டுக்கு ஒட்டி வைத்த அடையாளத்தின்) பெயரையோ பழைய கமிட்டின் எண்ணையோ போடலாம். யாரோ போன மாதம் அழித்த ஃபைல் வேண்டுமென்றால்:

கிட் லாக் --டிஃப்-ஃபில்டர்=டி -- தரவு/காற்று/கொண்டல்.எம்டி

இதில் ‘டி’ பெரிய எழுத்து. அழித்த கமிட்டின் எண் கிடைக்கும். அந்த எண்ணை சோர்ஸில் போட்டு, அதன் பின்னால் இடைவெளி விடாமல் ‘~1’ சேருங்கள். அழிக்கப்படுவதற்கு முந்தைய நிலையில் ஃபைல் திரும்ப வந்துவிடும்.